ஒளிவுமறைவு இல்லாத குடும்பம்

எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு என்பதே கிடையாது என்று என் மாமனார் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்கே கிணறு வெட்டிக் கொடுத்தவனுக்குக்கூட அத்தனை பெருமிதம் இருக்காது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கே என் அப்பாவிடம் இதைத்தான் சொன்னார். நாங்கள் எல்லாரும் எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் பேசிவிடுவோம் என்றார். என் அப்பா அதை நல்ல குணம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். நானும் சேர்ந்து ஆட்டினேன். அந்த வீட்டில் ஒரு மனுஷிக்குத் தனியாகத் தும்மக்கூட இடமில்லை என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

வழக்கம் இதுதான். ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கு நடுவே ஒரு எவர்சில்வர் சட்டி இருக்கும். அதில் யாரும் எதையும் சமைப்பதில்லை. கழுவித் துடைத்துக் காலியாகவே வைத்திருப்பார்கள். யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரைப் போட்டு அந்தச் சட்டிக்குள் வைத்துவிட வேண்டும். சட்டிக்குள் வைத்தால் சத்தம் கணீரென்று கேட்கும், அது மாமனாரின் கண்டுபிடிப்பு. பேசுகிறவர் சட்டியைப் பார்த்துக் குனிந்து பேசுவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து காதைக் கொடுப்பார்கள். என் கணவருக்கு மூலம் வந்தபோது எப்படி உட்கார வேண்டும், எப்படி உட்காரக் கூடாது என்று டாக்டர் விளக்கியது அந்தச் சட்டிக்குள்ளிருந்துதான். வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டார்கள். என் அம்மா ஒருநாள் மாமியார் உன்னை எப்படி நடத்துகிறாள் என்று என்னிடம் கேட்கப் போய், "நல்லாத்தான் நடத்துறேன் சம்பந்தி" என்று மாமியாரே பதில் சொன்னாள். அதற்குப் பிறகு என் அம்மா என்னிடம் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் பேசுகிறாள்.

இந்த நல்ல பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் பழம்பெருமை மாதிரிச் சொல்வார்கள். விஷயம் வேறு. என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, கல்லூரியில் படிக்கும்போது யாரோ ஒருவனிடம் போனில் குசுகுசுவென்று பேசி மாட்டிக்கொண்டாள். மறுநாளே மாமனார் சட்டம் போட்டுவிட்டார். வேவு பார்ப்பதாக ஆரம்பித்தது, காலப்போக்கில் வெளிப்படையான குடும்பம் என்று பட்டம் சூட்டிக்கொண்டது. யாரை அடக்கப் போட்ட சட்டமோ அந்த நாத்தனாரே இன்றைக்கு அதற்குக் கொடி பிடிக்கிறாள். கம்ப்யூட்டர் வழியாக மூன்று மாதம் ஏதோ படித்துவிட்டு மன ஆலோசகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். ஒரு நாற்காலி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் செடி, முகத்துக்கு நேராக ஒரு வட்ட விளக்கு. "உங்க மனசோட பேசுங்க" என்று தினம் ஒரு வீடியோ. தன் புருஷனோடு அவள் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கக் கூடாது. ஊருக்குத்தான் உபதேசம்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டியைத் துடைத்து வைப்பது அவள் வேலை. போனில் யார் பேசினாலும், மகனோ மகளோ பாங்க்காரனோ, "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விடுவாள். இவள் மனுஷியா, பதிவு பண்ணி வைத்த குரலா என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். டிரைவிங் ஸ்கூல் வண்டி, என் பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். தினமும் என்னைக் கொல்லக்கூடிய நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். இந்தத் தொழிலில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். எதிரே முகம் இல்லை, பதில் சொல்ல அவசரமில்லை. மாமியார் கொடுமை, கள்ளக் காதல், கர்ப்பம் கலைந்தது எல்லாம் மூன்றாவது கியரில் வந்து கொட்டும். நான் "இண்டிகேட்டர் போடுங்க" என்று மட்டும் சொல்வேன். அதற்கே பலர் என்னை நல்ல மனசுக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் கொழுந்தன், என் கணவரின் தம்பி, வீட்டில் எல்லாருக்கும் சின்னவன். பார்சல் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுகிறான். ஊரின் மறுகோடியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறான். அவன் மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் மாமனார் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம், அவன் அதை மீறினதே இல்லை. வாயாடி. வந்தால் வீடு கலகலவென்று இருக்கும். அப்படிப்பட்டவன் வருவதைக் குறைத்தான், வந்தாலும் பல்லைக் காட்டிவிட்டு மூலையில் உட்கார ஆரம்பித்தான். இளைத்துவிட்டான் என்று மட்டும் எல்லாரும் கண்டுபிடித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. நான் அடுப்படியில் இருந்தபோது என் போன் அடித்தது. என் கணவருக்கு யார் போன் என்ற பேதமே கிடையாது, எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுச் சட்டிக்குள் இறக்கிவிட்டார்.

"அண்ணி, தனியா இருக்கீங்களா? உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்" என்றது சட்டி.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தேன். அதற்குள் மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் இருக்கோம், சொல்லுப்பா" என்றார். நாத்தனார் தன் ஆலோசகர் குரலை எடுத்துக்கொண்டு, தயங்காதே, மனசைத் திறந்து பேசு என்றாள். மாமியார், "சாப்பிட்டியா" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. சட்டிக்குள் வைத்திருந்ததால் அந்த மூச்சும் பெரிதாகக் கேட்டது. பிறகு அவன், ஒண்ணுமில்லை, வண்டி சர்வீஸுக்கு நல்ல இடம் தெரியுமா என்று அண்ணியைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றான். மாமனார் உடனே நல்ல மெக்கானிக்கின் இலக்கணத்தை விளக்க ஆரம்பித்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பல வருஷமாக வேன் ஓட்டுகிறவனுக்கு என்னைக் கேட்டா மெக்கானிக் தெரிய வேண்டும்?

மறுநாள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கீழேயே வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் வேலைக்குப் போகிறேன் என்று இறங்கினார் அக்கா, இன்னும் வண்டிக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார், கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றாள். கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடத்தில், தூணோரமாக அவன் வேன் நின்றது. இஞ்சின் ஓடவில்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நானும் சுவரைப் பார்த்தேன். தொழில் பழக்கம்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆற்றுப் பாலத்தின் மேல் ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்திருக்கிறது. கை மரத்து, கண் இருட்டி, இதோ போகப் போகிறோம் என்று நினைத்து நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து அவன் பரம்பரையையே திட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் இதயம் நன்றாக இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அவன் பார்க்கவில்லை. அதன் பிறகு பாலம் வரும் என்று தெரிந்தாலே வியர்க்கிறது. பாலத்தைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறான், பார்சல் தாமதமாகிறது, கம்பெனியில் ஏச்சு. தூக்கம் போய்விட்டது. பிறகு வண்டியைக் கிளப்பவே கை வரவில்லை.

"இப்படியே இல்லாமப் போயிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு தோணுது அண்ணி" என்றான்.

எனக்குப் பயமாக இருந்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். சில நேரம் என்றான். கேட்டதும் அவன் தோள் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தானோ. கீழே இறங்கி அவன் மனைவியையும் உட்கார வைத்து மூன்று பேருமாகப் பேசினோம். அவனைத் தனியாக விடுவதில்லை, டாக்டரிடம் போயே தீர வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் தன் ஆஸ்பத்திரியில் விசாரித்து நல்ல டாக்டர் ஒருவரிடம் இடம் வாங்கினாள். அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார். இடம் கிடைத்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை, அதற்கும் அடுத்ததற்கு. அவன் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று.

ஆனால் அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததே. சின்னவன் ஒரு மாதிரி இருக்கிறான் என்று வீடு முடிவு பண்ணிவிட்டது. நாத்தனார் சும்மா இருப்பாளா? யானைக்குக் கரும்பு கிடைத்த மாதிரி ஆயிற்று அவளுக்கு. மனம் திறக்கும் வட்டம் ஒன்று நடத்தப் போவதாக அறிவித்தாள். கண்டிப்பாக வர வேண்டும் என்று மாமனார் சின்னவனுக்கு உத்தரவு போட்டார். அவனும் வந்தான். முப்பது வயது தாண்டியவன், ஆனாலும் அப்பா கூப்பிட்டால் கால் தானாக நடக்கும்படி வளர்த்திருக்கிறார்கள்.

ஹாலில் பாயை விரித்து வட்டமாக உட்கார வைத்தாள். சோபாவிலிருந்து ஒரு தலையணையை எடுத்து, இது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மட்டும் மனம் திறக்கலாம், மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது என்றாள். தன் போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோ எடுக்க வைத்தாள். தலையணை முதலில் மாமனார் கைக்குப் போயிற்று. அவர் அதைத் தொடையில் வைத்துத் தட்டிக்கொண்டே, தன் உத்தியோகக் காலத்தில் கவலை என்று ஒருநாள் லீவு போட்டதில்லை, மனசு என்பது நாம் வைத்துக்கொள்வதில் இருக்கிறது, அதிகாலையில் எழுந்து நடந்தால் எல்லாம் பறந்துவிடும் என்று தலையணை சூடாகும்வரை மனம் திறந்தார். என் கணவருக்குத் திறக்க ஒன்றும் இல்லை. வெகுநேரம் யோசித்து, வீட்டில் வை-ஃபை சரியாக வருவதில்லை என்றார். நான் வாங்கி அப்படியே தள்ளிவிட்டேன். மாமியார் தலையணை உறையின் சுருக்கத்தை நீவிவிட்டு, எனக்கென்ன, நல்லா இருக்கேன் என்று சின்னவனிடம் கொடுத்தாள்.

அவன் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், பிறகு போன் ஸ்டாண்டைப் பார்த்தான். கொஞ்சம் வேலைக் களைப்பு, அவ்வளவுதான், நீங்கள் எல்லாரும் இருக்கும்போது எனக்கு என்ன குறை என்றான். சிரித்தும் காட்டினான். அவன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைக் கட்டிப் பிடித்தாள். வட்ட விளக்கு இல்லாத குறை ஒன்றுதான். சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. குடும்பமே மருந்து என்று தலைப்பு. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக் கண்கலங்கினார்களாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க அவன் மனைவி லீவு போட்டு அவன் கூடவே இருந்தாள்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு அவன் மனைவிக்கு லேபில் விட முடியாத டியூட்டி. நான் கூட்டிப் போகிறேன் என்றேன். வீட்டில் மாணவி ஒருத்திக்கு டெஸ்ட் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அது இல்லை, ஆனால் அத்தனை நிம்மதியோடு சொன்னது அதுதான்.

டாக்டரின் கிளினிக் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றுவழியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சின்னவன் பாலம் என்று கேட்டதுமே காரில் ஏற மாட்டேன் என்றான். நான் கொஞ்சம் யோசித்து, என் சீட்டில் அவனை உட்காரச் சொன்னேன். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் சீட், காலடியில் பிரேக் இருக்கும் சீட். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"பயமா இருந்தா பிரேக்கை மிதி. எங்க வேணா மிதி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பாலத்தின் ஓரமாக, நத்தை வேகத்தில், நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டுக்கொண்டு ஏறினேன். வண்டியில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை இருந்தது சௌகரியமாகப் போயிற்று. கற்றுக்கொள்கிறவர் என்றால் உலகம் திட்டும், ஆனால் ஒதுங்கிப் போகும். கொஞ்ச தூரத்தில் அவன் மிதித்தான். வண்டி நின்றது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஹாரன்கள் அலறின. ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, பொம்பளைக்கெல்லாம் எதுக்கு வண்டி என்று கேட்டுவிட்டுப் போனான். போடா புண்ணியவானே என்று விட்டுவிட்டேன். மூச்சு அடங்கியதும் சின்னவன் காலை எடுத்தான். நகர்ந்தோம். நடுப்பாலத்தில் மறுபடியும் மிதித்தான். இந்தத் தடவை காலை எடுக்க முடியவில்லை.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. என் கணவர். கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த போனைச் சின்னவன்தான் தொட்டான். அந்தக் குடும்பத்துக் கை அல்லவா, தொட்ட மாத்திரத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் சட்டி எதிரொலித்தது. நீ எங்கே, சின்னவன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான், ஏன் ரெண்டு பேரும் வரவில்லை என்று கணவர். அக்கா அந்த வீடியோவுக்கு ரெண்டாம் பாகம் எடுக்கக் காத்திருக்கிறாள் என்று மாமனார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் பேசினான். கால் பிரேக்கில் இருந்தது, கண் எதிரே ரோட்டில் இருந்தது.

"அப்பா, நான் அண்ணி கூடத்தான் இருக்கேன். மனநல டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். எனக்குப் பாலத்து மேல வண்டி ஓட்ட முடியலை. தூக்கம் வர்றதில்லை. செத்துப்போயிடலாம்னு பல நாள் தோணிச்சு. அன்னைக்குத் தலையணையைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னது எல்லாமே பொய்."

அத்தனை வருஷத்தில் அந்தச் சட்டிக்குள் விழுந்த முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தரையில் உரசிய சத்தம் கேட்டது. பிறகு மாமனாரின் குரல். அவனிடம் பேசவில்லை, என் கணவரிடம் பேசினார்.

"ஸ்பீக்கரை அணைடா. ஜன்னல் தொறந்து கிடக்கு."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிடுவார்கள் என்று கொஞ்சம் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பேன். சின்னவன் சிரித்தான். அழுதுகொண்டேதான் சிரித்தான்.

"நான் பேசி எங்கப்பா குறுக்கிடாம முழுசாக் கேட்டது இதுதான் அண்ணி முதல் தடவை" என்றான். அப்புறம் காலை எடுத்தான். பாலம் முடியும்வரை மிதிக்கவில்லை.

டாக்டர் நிதானமான மனுஷி. தலையணை எதுவும் கொடுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு வெகுநேரம் பேசினாள், மாத்திரை எழுதினாள், வாரா வாரம் வரச் சொன்னாள். இது வருகிற வியாதிதான், போகிற வியாதிதான், ஆனால் அதிகாலையில் எழுந்து நடந்தால் மட்டும் பறந்துவிடாது என்று சொன்னாளாம். கம்பெனியில் பேசி, கொஞ்ச நாளைக்குக் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டான். இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் மெல்ல எட்டிப் பார்த்தது. பாலத்தின் மேல் அவன் இன்னும் ஓட்டவில்லை. ஓட்டாவிட்டால் போகிறது, ஆள் இருக்கிறான்.

மாமனார் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்கே அந்தச் சட்டி மேஜையிலிருந்து அடுப்படிக்குப் போய்விட்டது. இதையெல்லாம் போனில் சொல்லலாமா என்று என் கணவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். வேறு எதில் சொன்னால் உங்களுக்குக் காது கேட்கும் என்று கேட்டேன். நாத்தனார் வீடியோவை அழித்துவிட்டாள். தனக்கு ஆரம்பத்திலேயே அவனிடம் ஏதோ எதிர்மறையாகத் தோன்றியது என்று இப்போது சொல்கிறாள். சொந்தக்காரர்கள் விசாரித்தால் சின்னவனுக்கு முதுகுவலி என்று மாமனார் சொல்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கலை அந்த வீட்டில் ஒரே நாளில் எல்லாருக்கும் கைவந்துவிட்டது. போன் வந்தால் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார்கள். கையால் வாயை மூடிப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் வீட்டில் ஏன் இப்போது சத்தமே இல்லை என்று என்னிடமே கேட்டார். முதுகுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகனை யாராவது போய்ப் பார்த்தார்களா என்றால் இல்லை. அவனுக்கு ஓய்வு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஹாலில் போய் உட்காருவதை நிறுத்தினேன்.

ஒரு வியாழக்கிழமை, மாணவர் வரும்வரை ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். போன் அடித்தது. மாமியார். அவள் எனக்குத் தானாகப் போன் பண்ணியதே கிடையாது. யார் சொல்லிக் கொடுத்துக் கூப்பிடுகிறாளோ, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு மாமனாரிடம் கொடுக்கப் போகிறாள் என்று எரிச்சலோடுதான் எடுத்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"பக்கத்துல யாரு அத்தை?" என்றேன்.

யாரும் இல்லை, குளிக்கிற ரூமில் இருக்கிறேன், குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன் என்றாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. சின்னவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். பரவாயில்லை, தூங்குகிறான் என்றேன். இத்தனை நாள் கழித்துக் கேட்கத் தோன்றியதா என்று நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் போனை வைக்கவில்லை. அவன் டாக்டரிடம் என்னென்ன பண்ணுகிறது என்று சொன்னான் என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. கேட்கிறாளே என்று சொன்னேன். விடியும்வரை தூக்கம் வராது. ம் என்றாள். காரணமே இல்லாமல் நெஞ்சை அடைக்கும், மூச்சு முட்டும். ம் என்றாள். ஜனங்களுக்கு நடுவில் இருக்கும்போதே யாரும் இல்லாத மாதிரி இருக்கும், சிரித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று தோன்றும். ம் என்றாள். ஒவ்வொரு ம்மும் முந்தினதைவிடச் சீக்கிரமாக வந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"இதுக்கெல்லாம் மாத்திரை இருக்காம்மா?" என்றாள்.

நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மாணவர் ஜன்னலைத் தட்டினார், கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எப்பலேர்ந்து அத்தை?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

அவளைக் கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை. யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். யாரிடம் சொல்ல, எல்லாரும் எப்போதும் கூடவே இருந்தார்களே என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னாள்.

நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அத்தை, இந்த ஞாயிற்றுக்கிழமையே போகலாம், மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம், வேண்டாம் என்று அவசரமாகத் தடுத்தாள். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்னு சொல்லிடறேன். இந்த வயசுலயான்னு எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சுட்டாங்கன்னா அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."